அடிபட்டால் எங்கள் பையன்

நீங்கள் கால்பந்து மாவட்டத்துக்காரர் என்று ஸ்டேஷன் வாசலில் இருந்த பெண் சொன்னாள். அது உங்கள் தப்பில்லை, சார்ஜென்ட். எங்கே பிறப்பது என்பதை யாரும் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவதில்லை. ஆனால் நான் சொல்லப்போவது ஹர்லிங் பற்றியது, மட்டையும் சின்னப் பந்துமாக நாங்கள் ஆடுகிற ஆட்டம், அதனால் அங்கங்கே நிறுத்தி விளக்க வேண்டியிருக்கும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பால் லாரியை இன்றைக்கு என் தம்பி ஓட்டுகிறான்.

டாரா கினெல்லியின் கை விஷயமாக வந்திருக்கிறேன். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைச் சொல்ல ஜனவரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் பெயர் மாட்டி ஹெஃபர்னன். கில்பிரானக் கிளப்பின் மேலாளர். அணியைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, சட்டைகளைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துப்போவது, தோற்றால் திட்டு வாங்குவது, எல்லாம் நான்தான். எங்கள் ஊரில் ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், திறந்திருக்கும் மதுக்கடை ஒன்று, மூடிக்கிடக்கும் மதுக்கடை ஒன்று. பிறகு இந்த கிளப். இங்கே பிறந்தவன் இந்த கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். யாரையும் வெளியிலிருந்து வாங்கிவர முடியாது. தாய்மார்கள் பெற்றுக் கொடுத்தால் உண்டு.

பெரிய கிளப்புகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நான்கு பேரை மாவட்ட அணி எடுத்துக்கொண்டு போனாலும் வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்பார்கள். ஒரு அணிக்குப் பதினைந்து பேர் வேண்டும், எங்களிடம் ஆடத் தகுந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது. இன்னொருவன் காதலிக்கிறான், அது முழங்காலை விட மோசம்.

டாரா எங்களிடமிருந்து மாவட்ட அணிக்குப் போனவன். ஒரே ஒருவன். இருபத்திரண்டு வயது. மின்வேலை கற்றுக்கொண்டிருந்தான், கடைசி வருடம். அப்பா இல்லை. அம்மா நோரீன் மட்டும். அவன் பந்தைக் கையில் பிடிக்கும்போது சத்தமே வராது. உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அந்தச் சின்னத் தோல் பந்து கல் மாதிரி வரும். எல்லோருக்கும் உள்ளங்கையில் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். இவனுக்கு, பறவை ஒன்று கூட்டில் வந்து உட்கார்ந்தது போல இருக்கும்.

வசந்தத்தில்தான் கிளப்புகளுக்கான லீக் நடக்கும். அதே வசந்தத்தில்தான் மாவட்ட அணிகளும் மோதிக்கொள்ளும். அதனால் மாவட்ட அணியில் இருப்பவன் ஜூலை வரை கிளப்புக்கு இல்லை. லீக்கில் கடைசி இடம் பிடிப்பவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். நாங்கள் போன வருடம்தான் முதல் பிரிவுக்கு ஏறியிருந்தோம், அதுவும் என் அப்பா காலத்துக்குப் பிறகு முதல் முறையாக. இறங்கினால், பக்கத்து ஊர் கிளாஷ்காருடன் கிளப்பை இணைத்துவிடலாம் என்று எங்கள் தலைவர் கான் டூகன் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார். கிளாஷ்கார்காரர்களோடு ஒரே சட்டையில் ஆடுவது. அவர்களுடைய மைதானத்தில். எங்களுடையதில் வீடு கட்டலாமாம். இதைக் கேட்ட பிறகு நான் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி பிரீடா சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களும் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் நடந்ததைச் சொன்னால் எங்கள் நிலைமை உங்களுக்குப் புரியும்.

"இன்னிக்கி எத்தன பேருடா?" என்று கேட்டேன்.

எங்கள் கோல்காவலன் டிக்கி ரோச் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான். "எங்கம்மாவச் சேத்தா பதினஞ்சு."

"உங்கம்மா ஆடுவாங்களா?" என்றான் ஒருவன்.

"உன்னைவிட நல்லா ஆடும். ஆனா மாவட்டத்துலருந்து ஒரு போன் வந்தா போதும், நம்மள விட்டுட்டுப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய்ப் பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் மாவட்ட மேலாளர் லோர்கன் டெவேனுக்குப் போன் செய்தேன். மரியாதையான மனிதர். குறை சொல்ல முடியாது.

"ஒரே ஒரு ஆட்டம், லோர்கன். பாதி ஆட்டம் குடுத்தாக்கூடப் போதும்."

"மாட்டி, உங்க நிலைமை எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு அத்தன கிளப்பும் என் வாசல்ல வந்து நிக்கும்."

"அவன் எங்க ஊர்ப் பையன்."

"டிசம்பர் வரைக்கும் உங்க பையன். இப்ப மாவட்டத்துப் பையன். ஜூலைல பத்திரமாத் திருப்பித் தந்துடறேன்."

"இரவல் வாங்கின ஏணி மாதிரி பேசுறீங்களே."

"ஏணிக்கெல்லாம் இவ்வளவு போன் வராது மாட்டி." சிரித்தார். பிறகு, நல்ல மனதோடுதான், இதையும் சொன்னார். "அடிபட்டுக் குணமாகி வர்றவங்கள மட்டும் கிளப்புக்கு அனுப்புவேன், ரெண்டு மூணு ஆட்டம் ஆடிப் பழகட்டும்னு. போன வருஷம்கூட ரெண்டு பேர அனுப்பினேன். உங்காளுதான் கல்லு மாதிரி இருக்கானே. உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்ல."

நான் பழியை அவர் மேல் போடவில்லை. அந்த வாக்கியம் யாருடையது என்று மட்டும் சொல்கிறேன்.

போனை வைத்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், சார்ஜென்ட். முழுசாக இருக்கிற பையன் அவர்களுக்கு. ஒடிந்த பையன் எங்களுக்கு. ஒட்டவைத்துச் சரி செய்து, நாலு ஆட்டம் ஆடவைத்து, பளபளவென்று ஆனதும் மறுபடி அவர்களுக்கு. இந்த ஏற்பாட்டை நான் உண்டாக்கவில்லை. இந்த நாட்டில் எல்லா மேலாளர்களுக்கும் இது தெரியும். யாரும் அதைப் பின்பக்கமிருந்து யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் டாரா எங்கள் பயிற்சிக்கு வந்தான். வரக்கூடாது. மாவட்டக்காரர்களுக்குத் தெரிந்தால் திட்டுவார்கள். அவர்கள் அவன் என்ன சாப்பிடுகிறான், எத்தனை மணிக்குத் தூங்குகிறான் எல்லாவற்றையும் போனில் அனுப்பச் சொல்கிறவர்கள். ஆனாலும் வந்தான். வேலிப் பக்கமாகக் காரை நிறுத்திவிட்டு, தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, திருட்டுக் கோழி பிடிக்க வந்தவன் மாதிரி வந்தான்.

"யாராச்சும் கேட்டா நான் வரல," என்றான்.

"யாருடா நீ?" என்றான் டிக்கி. "இந்த மூஞ்சிய டிவிலதான் பாத்த ஞாபகம்."

"நீ விட்ட கோலையெல்லாம் டிவில போட்டா தனி சேனல் வேணும்."

அப்படி அவன் வந்து நின்றால் போதும், பையன்களுக்கு உயரம் ஒரு சாண் கூடிவிடும். அதை மறுபடி பார்த்தேன். பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு மட்டையை எடுத்துக்கொண்டேன்.

ஹர்லிங்கில் இரண்டு பேருக்கு நடுவே பந்து தரையில் கிடந்தால், இருவரும் ஒரே சமயம் மட்டையை வீசுவார்கள். பழைய முறை. மட்டையோடு மட்டை மோதும். ஒருவன் தாமதித்தால் அவன் மட்டை மற்றவன் கையில் படும். அதனால்தான் யாரும் தாமதிப்பதில்லை. நான் கொஞ்சம் தாமதமாக வீசினேன். கொஞ்சம் மேலாகவும். பந்து இருந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை.

சின்ன எலும்புதான். வலது கை, சுண்டுவிரலுக்குக் கீழே. ஹர்லிங் ஆடுகிற பாதிப் பேருக்கு அது ஒடிந்திருக்கும். எனக்கே இரண்டு முறை ஒடிந்திருக்கிறது. டாரா புல்லில் மண்டிபோட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

"வயசாயிருச்சு மாட்டி உங்களுக்கு. பந்து கீழ கெடந்துச்சு."

"கண்ணு தெரியலடா. மன்னிச்சுக்க."

"உங்களுக்குக் கண்ணாடி வாங்கச் சொல்லி கிளப்ல தீர்மானம் போடணும்."

நானே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அவனுக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே, வேன் கதவில் விரல் மாட்டிக்கொண்டது என்று மாவட்டக்காரர்களிடம் சொல்லப்போவதாகச் சொன்னான். நான் பயிற்சியில் அடித்தேன் என்று தெரிந்தால் எனக்குச் சிக்கல் வருமாம். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பொய் அவனுடையது.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டுப் பிரித்ததும், லோர்கன் சொன்ன வார்த்தை மாறாமல், அவனை எங்களிடம் அனுப்பினார். நோரீன் என்னைக் கடைவீதியில் நிறுத்திப் பேசினாள். "எத்தன மாசம் கழிச்சு எம்புள்ள வீட்ல உக்காந்து பன்றிக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட்டான், மாட்டி. அங்க டப்பால சோறும் கோழியும் வச்சு, நிறுத்துப் போடுறாங்களாம், ஆஸ்பத்திரி மாதிரி." சிரித்தாள். டாராவும் என்னிடம் சொன்னான், சந்தோஷமாக இருக்கிறது, மூச்சு விட முடிகிறது என்று. அவனே சொன்னது.

இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டும் ஜெயித்தோம். இரண்டாவதில், எல்லைக்கோட்டில், எங்கள் பாதிக்குள்ளேயே இருந்து அவன் தரையில் கிடந்த பந்தை வெட்டி அடித்தான். அது மேலே ஏறி, காற்றில் ஒரு தரம் சாய்ந்து, கம்பங்களுக்கு நடுவே போனது. கான் டூகன் அழுதார். கிளப்பை இணைத்துவிடலாம் என்று பேசிய அதே கான் டூகன். கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி, கிளாஷ்காரோடு. அதில் ஜெயித்தால் அவர்கள் கடைசி இடம், நாங்கள் தப்பித்தோம். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். அவ்வளவு நன்றாக ஆடினால் மற்றவர்களும் பார்ப்பார்கள் என்பதை. லோர்கன் டெவேன் சுவரோரமாக நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

ஆட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் டாரா ஓடிவந்தான்.

"மாட்டி, செவ்வாக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. இந்தத் தடவ மாத்து ஆட்டக்காரன் இல்ல. மொதப் பதினஞ்சுல இருக்கேன்."

"கிளாஷ்கார் ஆட்டம்?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாரு." முகம் ஒரு நொடி வாடியது. ஒரு நொடிதான். "நீங்க சமாளிச்சுருவீங்க. பசங்க இப்ப நல்ல வேகத்துல இருக்காங்க."

நான் அவனுக்குக் கை கொடுத்தேன். பெருமையாக இருக்கிறது என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து மாவட்டத்தின் முதல் பதினைந்தில் நிற்பவன், என் வாழ்நாளில் அவன்தான்.

வீட்டில் பிரீடா கேட்டாள். "ஜெயிச்சுட்டுத்தான வந்த? மாடு செத்தவன் மாதிரி ஏன் உக்காந்திருக்க?"

"டாராவ மறுபடி கூப்பிட்டுட்டாங்க."

"நல்லதுதான. நோரீன் தரையில நிக்க மாட்டா."

"ஆமா, நல்லதுதான்."

"அவன் உம்புள்ள இல்ல மாட்டி," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அவளுக்கு எல்லாவற்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோகத் தோன்றும். அவள் நினைப்பது தப்பு. எனக்குப் பிள்ளை வேண்டியிருக்கவில்லை. நடுக்களத்தில் ஆடுவதற்கு ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம். மைதானத்தில் புல் வெட்டுவதற்காக நகர்த்தும் கோல் கம்பத்தை ஓரத்துக்கு எடுத்துப்போக வேண்டும். பயிற்சிக்கு வைத்திருப்பது, முழு இரும்பு, பின்பக்கச் சட்டத்தில் சாயாமல் இருக்க எடை வைத்திருக்கும். நாலு பேர் தூக்க வேண்டியது. இரண்டு பேராலும் முடியும், பலசாலியாக இருந்தால். டாரா தன் கிளப் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டு. அதெல்லாம் நோரீன் வளர்ப்பு.

"தனியாவா தூக்கப் போறீங்க? விடுங்க, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"உனக்கு நாளைக்குப் பயிற்சி இருக்குல்ல."

"ரெண்டு நிமிஷ வேலைக்கு என்ன."

நான் வேண்டாம் என்று சொன்னேன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய அப்படித்தான் சொன்னேன்.

புல்லில் பிரச்சினை இல்லை. பார்வையாளர் மேடைக்கு முன்னால் ஒரு கான்கிரீட் விளிம்பு இருக்கிறது, முழங்கால் உயரம். பின்சட்டத்தைத் தூக்கி அதன் மேல் ஏற்ற வேண்டும். அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

"மேல பிடிச்சா வழுக்கும்டா," என்றேன். "கைய அடியில குடு."

கொடுத்தான். விளிம்புக்கு மேலே இரும்பு, இரும்புக்கு அடியில் அவன் வலது கை. இடது கையால் சட்டத்தின் பக்கத்தைப் பிடித்திருந்தான். எடை முழுவதும் என் பக்கம் சாய்ந்திருந்தது.

"பிடிச்சிட்டீங்களா மாட்டி?"

"பிடிச்சிருக்கேன்."

பிறகு விட்டேன்.

கை வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மழை பெய்திருந்தது என்றும் சொன்னேன். மழை ஞாயிற்றுக்கிழமை பெய்தது. திங்கட்கிழமை இரும்பு காய்ந்திருந்தது, என் கையும் காய்ந்திருந்தது. உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன்.

நான் நினைத்தது ஒரு நசுங்கல். ஒரு நகம், கொஞ்சம் வீக்கம். மாவட்டத்து வைத்தியர்கள் ஒரு விரல் வீங்கினாலே பத்து நாள் ஓய்வு என்பார்கள், அப்புறம் கிளப்போடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வா என்பார்கள். அந்த ஒரு ஆட்டம் கிளாஷ்கார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரும்பின் எடைதான் என் கணக்கில் இல்லை. அந்த எடை எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கம்பத்தை வாங்கிவந்து இறக்கியதே நான்தான். தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் எல்லாம் எல்லா நேரமும் மனதில் இருக்காது.

அவன் கத்தவில்லை. "மாட்டி, தூக்குங்க," என்றான், சாதாரணமாக, ஏதோ காரை நகர்த்தச் சொல்வது போல. பிறகு மறுபடி, "மாட்டி." நான் தூக்கினேன். உடனே தூக்கினேன் என்று நினைக்கிறேன். கையை வெளியே எடுத்து, அவன் மடித்துக் கொண்டுவந்த சட்டையிலேயே சுற்றினேன். அது வெள்ளைக் காலர் வைத்த சட்டை.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது இருக்கிறது, மடங்காது. மட்டையைப் பிடிக்க முடியாது. மின்வேலையும் இனி முடியாதாம், கம்பிகளை முறுக்க முடியாதாம். அது எனக்குத் தெரியாது. நான் பால் லாரி ஓட்டுகிறவன்.

கிளாஷ்கார் ஆட்டத்துக்கு வந்திருந்தான். கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு என் பக்கத்தில் எல்லைக்கோட்டில் நின்றான். உடை மாற்றும் அறையில் நான் பேசத் தேவை இருக்கவில்லை. அவனுடைய ஒன்பதாம் எண் சட்டையைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்கள், கறையோடு. டிக்கி ரோச், வாழ்க்கையில் ஒரு நிமிஷம் வாயை மூடாதவன், அதைத் தொட்டுவிட்டு வெளியே போனான். காதலித்துக்கொண்டிருந்தவன்கூட வந்திருந்தான். அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் பையன்கள் ஆடியதில்லை. ஐந்து புள்ளியில் ஜெயித்தோம். எங்கள் மைதானத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. கிழவர்கள் அழுதார்கள். கிளப்பை இணைக்கிற பேச்சை கான் டூகன் விட்டுவிட்டார், இனி எடுக்க மாட்டார்.

ஆக, அவன் இல்லாமலேயே ஜெயித்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. அப்படி இல்லை. கை அப்படி ஆனதால்தான் ஜெயித்தார்கள். முழுக் கையோடு அவன் மாவட்டத்துப் பேருந்தில் போயிருந்தால் இந்தப் பையன்கள் யாருக்காக ஓடியிருப்பார்கள்?

அதற்கப்புறம் வந்த இந்த சில வாரங்கள் நன்றாக இருந்தன. பயிற்சி தவறாமல் வந்தான். எவன் சோர்ந்திருக்கிறான், எவன் ஏமாற்றுகிறான், எதிரி எந்தப் பக்கம் பலவீனம், எல்லாம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். ஆட்டத்தைப் படிப்பதற்கு விரல் தேவையில்லை. லோர்கன் டெவேன் ஒரு முறை அவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போனார், பழக்கூடையோடு. அதோடு சரி. போன் இல்லை. இனி அங்கிருந்து போன் வராது. நான் அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஒரு பையன் கடைசியில் தன் ஊருக்கு முழுசாகக் கிடைத்தான் என்று சொல்கிறேன்.

இத்தனை நாள் விட்டு இன்றைக்கு ஏன் வந்தேன் என்று முதலில் கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். பிரீடாவும் அப்படித்தான் நினைக்கப் போகிறாள்.

நேற்று டாரா வீட்டுக்கு வந்தான். பிரீடா தேநீர் போட்டுக் கொடுத்தாள். கோப்பையை இடது கையால் பிடிக்கப் பழகிவிட்டான்.

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்," என்றான். "சிட்னி போறேன் மாட்டி. மாமா பையன் அங்க இருக்கான், அவன் ஆபீஸ்ல ஒரு வேலை. வியாழக்கிழமை கெளம்புறேன்."

"எப்ப வருவ?"

"தெரியல. இங்க ஒவ்வொருத்தரும் மொதல்ல என் கையைத்தான் பாக்குறாங்க. அப்புறம்தான் மூஞ்சிய. அங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாது."

"அடுத்த வாரம் கிளப் சாம்பியன்ஷிப் ஆரம்பிக்குதுடா. நீ என் பக்கத்துல நிக்கணும். அணித் தேர்வாளரா உன் பேரத்தான் குடுத்திருக்கேன்."

"வேற ஆளப் பாருங்க மாட்டி. மட்டை சத்தம் இனிமே எனக்குக் கேக்க வேணாம்." எழுந்தான். வாசலில் நின்று, அந்தக் கையையே நீட்டினான். "அன்னிக்கி நீங்க இல்லன்னா முழுக் கையும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. சட்டையச் சுத்தி, இறுக்கிப் பிடிச்சு... நான் அத ஒழுங்கா உங்ககிட்ட சொன்னதே இல்ல. நன்றி மாட்டி."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். லேசாக இருந்தது. அவன் போன பிறகு இரவு முழுவதும் யோசித்தேன். வேனை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் போகலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. போகவில்லை. போனால் என்ன செய்வேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். இது ஒழுங்கான வழி.

நான் சொன்னது எல்லாம் உண்மை. மார்ச்சில் வேண்டுமென்றே அடித்தேன். மே மாதம் வேண்டுமென்றே விட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். வக்கீல் வேண்டாம். சிறை என்றால் சிறை, அணியைப் போனில்கூடத் தேர்ந்தெடுக்கலாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சார்ஜென்ட். இப்படி ஒரு வழக்குப் பதிவானால், அடிபட்டவன் சாட்சி சொல்ல ஊரில் இருந்தாக வேண்டும் இல்லையா? வியாழக்கிழமை விமானத்தில் அவனை ஏற்ற மாட்டார்கள்தானே?